கேளாத ஒலியும் சுளுக்கிய காலும்

கற்பிட்டிக் குடாநாட்டின் மேற்குக் கரையிலே கண்டக்குழி, ஆலங்குடா முதலிய ஊர்கள் உள்ளன. கார்த்திகைக்கும் சித்திரைக்கும் இடைப்பட்ட அமைதியான மாதங்களில் இவ்வூர்களிலிருந்து படகேறிக் கடலுக்குச் செல்வோர், ஓங்கில்கள் கூட்டங்கூட்டமாய் நீரினின்றும் எழும்பி, உடலை முறுக்கிச் சுழன்று விழும் காட்சியைக் கண்டு மகிழ்வர். இக்காட்சியைக் காணவே தூர தேசங்களிலிருந்தும் மக்கள் வருகின்றனர். ஆயினும், அவர்கள் காண்பது பாதியே. மற்றப் பாதி செவிக்கு உரியது. அதுவோ மனிதச் செவிக்கு எட்டுவதில்லை. ஓங்கில் தன் இரையைத் தேடுவதற்காக நீருக்குள்ளே இடைவிடாது சொடுக்கொலிகளை எழுப்பி, அவை மீன்களிற் பட்டு மீளும் எதிரொலியைக் கொண்டு இரை இருக்குமிடத்தை அறிகின்றது. நமது காது ஒரு விநாடிக்கு ஏறக்குறைய 20 முதல் 20,000 வரையிலான அதிர்வுகளையே ஒலியாக உணரும். ஓங்கிலின் சொடுக்கோ அந்த எல்லையைக் கடந்து வெகுதூரம் செல்கின்றது. இவ்வாறு செவியின் எல்லையைக் கழிந்து நிற்கும் ஒலியை இலங்கையிலே கழியொலி என்கிறோம். தமிழகத்தார் மீயொலி என்பர்.

நேயர்களே, இந்தக் கழியொலியோடு புத்தளத்து இளைஞர்களுக்கு இன்னொரு வழியிலும் பழக்கம் உண்டு. புத்தளம் நகரிலே உதைபந்தாட்டம் வெறும் பொழுதுபோக்கன்று என்பதை அந்நகரை அறிந்தவர்கள் நன்கறிவர். கரையோரக் கிராமங்களிலோ மாலை வேளையில் மணற்றரையில் இரண்டு கம்பங்களை நட்டு வலை கட்டினால், நமது தேசிய விளையாட்டாகிய கரப்பந்தாட்டம் தொடங்கிவிடும். அண்மைக் காலத்திலே கற்பிட்டிக் கடலேரியில் காற்றாடியைப் பற்றிக்கொண்டு நீர்மேற் சறுக்கும் விளையாட்டும் பெயர் பெற்றுள்ளது. துள்ளி விழும் இவ்விளையாட்டுகள் எல்லாவற்றுக்கும் பொதுவான விருந்தாளி கணுக்காற் சுளுக்கு. சுளுக்கிய காலோடு இயன்மருத்துவரிடம் சென்றவர் அங்கே சிறு பெட்டி ஒன்றையும், அதனோடு கம்பியால் இணைந்த உலோகத் தலை ஒன்றையும் கண்டிருப்பர். காலிலே குளிர்ந்த பசையைத் தடவி, அந்தத் தலையை ஐந்து நிமிடமோ பத்து நிமிடமோ மெல்ல வட்டமாக நகர்த்துவார்கள். சத்தமில்லை, வலியில்லை. ஒன்றும் நடவாதது போலவே இருக்கும். அதுதான் கழியொலிச் சிகிச்சை. கடலிலே பிறந்த இந்தக் கருவி வைத்தியசாலைக்கு வந்து சேர்ந்த வரலாறும், வந்த பின்னர் அது உண்மையிற் செய்தது யாது என்பதும் அறியத்தக்கவை.

பாரிசு நகரத்துச் சகோதரர்களான ஜாக் கியூரி, பியர் கியூரி என்போர் 1880ஆம் ஆண்டிலே ஓர் அதிசயத்தைக் கண்டனர். சில படிகங்களை அழுத்தினால் அவற்றின் முகங்களில் மின்னேற்றம் தோன்றுகிறது. அடுத்த ஆண்டில் இதன் மறுதலையும் உறுதியாயிற்று: படிகத்துக்கு மின்னழுத்தம் கொடுத்தால் அது விரிந்து சுருங்கும். மின்னோட்டத்தை விரைவாக மாற்றி மாற்றிக் கொடுத்தால், படிகமும் அதே விரைவில் துடித்து ஒலியை எழுப்பும். ஏறத்தாழ முப்பத்தைந்து ஆண்டுகள் இக்கண்டுபிடிப்பு பெரும் பயன் எதுவுமின்றி ஆய்வுகூடத்திலே கிடந்தது. முதலாம் உலகப் போரில் யேர்மனிய நீர்மூழ்கிகள் நேசநாட்டுக் கப்பல்களை மூழ்கடிக்கத் தொடங்கியதும், நீருக்கடியில் மறைந்திருப்பதை எப்படி அறிவது என்ற கேள்வி உயிர்க்கேள்வியாயிற்று. பியர் கியூரியின் மாணவரான பவுல் லாஞ்சவன் 1917இல் படிகத் தகட்டைக் கொண்டு கழியொலியை நீருக்குள் அனுப்பி எதிரொலியைப் பெறும் முறையை உருவாக்கினார். ஓங்கில் இயற்கையிலே பெற்றிருந்த வித்தையை மனிதன் இவ்வாறு படிகத்தின் துணையாற் கற்றுக்கொண்டான்.

அந்தச் சோதனைகளின்போது எவரும் எதிர்பாராத ஒன்று நிகழ்ந்தது. ஒலியெழுப்பியின் அருகே தொட்டியில் நீந்திய சிறு மீன்கள் இறந்து மிதந்தன. அவ்விடத்தில் கையை அமிழ்த்தியவர்கள் வேதனையை உணர்ந்தார்கள். காதுக்குக் கேளாத ஒலி உயிருள்ள உடலைத் தாக்குகின்றது என்று மனிதர் முதன்முதலில் அறிந்தது இப்படித்தான். வைத்தியத்துக்கு இது நல்ல சகுனம் என்று அன்று யாரும் சொல்லியிருக்கமாட்டார்கள்!

லாஞ்சவனின் சோதனைகளை நேரிற் கண்டவர்களுள் ரொபர்ட் வூட் என்னும் அமெரிக்கப் பௌதிகவியலாளரும் ஒருவர். அவர் பின்னர் ஆல்ஃபிரட் லூமிஸ் என்ற செல்வந்தரோடு சேர்ந்தார். லூமிஸ் வங்கித் தொழிலிலே பொருள் குவித்து, அந்தப் பொருளைக் கொண்டு நியூயோர்க் மாநிலத்தில் தம் சொந்த ஆய்வுகூடத்தை அமைத்த விசித்திரமான மனிதர். இருவரும் எண்ணெய்த் தொட்டிக்குள் படிகத்தை வைத்து வலிய கழியொலியை எழுப்பினர். எண்ணெய் குன்றுபோல் மேலெழுந்தது. இரத்தத்தின் செங்குழியங்கள் சிதைந்தன. தவளைகளும் மீன்களும் மாண்டன. 1927இல் அவர்கள் வெளியிட்ட கட்டுரையே கழியொலி உயிர்ப்பொருள்மீது செய்யும் விளைவுகளைப் பற்றிய ஆராய்ச்சிக்குத் தொடக்கம் என்று கூறலாம். கொல்லும் அளவு இதுவென்றால், அதனிற் குறைந்த அளவு என்ன செய்யும் என்ற வினா இயல்பாகவே எழுந்தது.

விடை சொல்ல முன்வந்தவர் யேர்மனியர். ரைமார் போல்மன் என்பவரும் அவருடைய கூட்டாளிகளும் 1939இல் பேர்லினிலிருந்து ஒரு செய்தி வெளியிட்டனர். கழியொலி மனிதத் தசைக்குள் எவ்வளவு தூரம் செல்லும் என்பதை அளந்து, தொடை நரம்பு வலியால் வருந்திய நோயாளிகளுக்கு அதனைக் கொடுத்துப் பார்த்ததாக அவர்கள் எழுதினர். உடனே இரண்டாம் உலகப் போர் வந்தது. போர் ஓய்ந்த பிறகு கருவிகள் பெருகின. 1949இல் ஏர்லாங்கன் நகரிலே வைத்தியத்தில் கழியொலி பற்றிய மாநாடு ஒன்று கூடிற்று. அதற்கு முந்திய ஆண்டிலேதான் ஜப்பானின் நாகசாகிப் பகுதியில் ஃபுருனோ சகோதரர்கள் மீனவருக்கான மீன் தேடும் கருவியைப் பயன்பாட்டுக்குக் கொண்டுவந்தனர். ஒரே படிகம், ஒரே ஒலி. ஒன்று படகில் ஏறியது, மற்றது வைத்தியசாலைக்குள் நுழைந்தது. படகில் ஏறிய கருவிக்கு ஒரு கடுமையான பரீட்சகர் இருந்தார்: கருவி மீன் இருக்கிறது என்று காட்டிய இடத்தில் வலை வெறுமையாய் வந்தால், மீனவர் மறுநாள் அதனை நம்பமாட்டார். வைத்தியசாலைக் கருவிக்கோ அப்படிப்பட்ட பரீட்சகர் நெடுங்காலம் வாய்க்கவில்லை. வாதம், ஆஸ்துமா, இரைப்பைப் புண், தோற்படை, யானைக்கால் என எதற்கெல்லாமோ அது மருந்தாகக் கூறப்பட்டது. ஒரே மருந்து எல்லா நோயையும் தீர்க்கும் என்று சந்தையிலே கூவுபவனை நாம் சந்தேகிப்போம். மின்சாரப் பெட்டி சொன்னால் சந்தேகிப்பதில்லை.

அந்த நீண்ட பட்டியலிற் பெரும்பகுதி விரைவில் உதிர்ந்துவிட்டது. எஞ்சி நின்றவை தசை, மூட்டு, தசைநாண் சம்பந்தமான நோவுகளே. அதற்கு நியாயமான காரணமும் இருந்தது. எலும்போடு எலும்பைப் பிணைக்கும் இணைப்பு நாரிலும், தசையை எலும்போடு சேர்க்கும் தசைநாணிலும் கொலாஜின் என்னும் புரதம் மிகுதி. கழியொலி கொழுப்பைப் பெரும்பாலும் கடந்து சென்று, கொலாஜின் நிறைந்த இடத்திலேயே கூடுதலாக உறிஞ்சப்பட்டு வெப்பமாக மாறும். விளையாட்டு வீரனின் உடலிலே முதலில் கிழிவதும் நோவதும் இந்தப் பாகங்களே. ஆகவே, தோலைச் சுடாமல் உள்ளே இருக்கும் நாருக்குச் சூடு கொடுக்க இதைவிடப் பொருத்தமான சாதனம் வேறு ஏது என்று இயன்மருத்துவர் எண்ணியதிற் பிழையில்லை. அமெரிக்காவில் ஜஸ்டஸ் லேமன் என்னும் பேராசிரியர் 1950களிலும் 1960களிலும் உடலுக்குள் எந்த ஆழத்தில் எவ்வளவு வெப்பம் ஏறுகிறது என்பதைப் பொறுமையாக அளந்து காட்டினார்.

கருவியின் செய்கை எளிது. சிகிச்சைக் கழியொலி வழக்கமாக விநாடிக்கு 10 இலட்சம் அதிர்வு அல்லது 30 இலட்சம் அதிர்வு உடையது. முன்னது ஆழத்துக்குச் செல்லும். பின்னது மேற்பகுதியிலேயே செலவாகிவிடும். தொடைத் தசைக்கு முதலாவதும், கணுக்காலுக்கு இரண்டாவதும் பொருந்தும். பசை தடவுவதேன் என்று பலர் கேட்பதுண்டு. கழியொலி நீரிலும் தசையிலும் விநாடிக்குச் சுமார் 1,500 மீற்றர் வேகத்தில் இலகுவாகச் செல்லும். இடையிலே மயிரிழையளவு காற்று இருந்தாலும் முழுவதும் திரும்பிவிடும். ஆகையாற்றான் முற்காலத்தில் நோயாளியின் காலை நீர்த் தொட்டிக்குள் வைத்தே சிகிச்சை செய்த வழக்கமும் இருந்தது. ஓங்கிலுக்குக் கடல் எதுவோ, இக்கருவிக்கு அந்தப் பசை அது.

தலையை ஓரிடத்தில் நிறுத்தாமல் நகர்த்துவதற்கும் காரணம் உண்டு. லண்டன் கைஸ் வைத்தியசாலையிலே மேரி டைசன் என்ற அம்மையாரும் அவருடன் உழைத்தோரும் 1960களின் பிற்பகுதியில் முயலின் காதிலே ஏற்படுத்திய துளைகள் கழியொலியின் துணையால் விரைந்து வளர்ந்து மூடுவதைக் கண்டனர். இச்செய்தி உலகெங்கும் இயன்மருத்துவருக்கு ஊக்கமளித்தது. ஆனால், அதே குழுவினர் 1971இல் வேறொன்றையும் வெளியிட்டனர். அசையாது நிறுத்திய கழியொலி, கோழிக் கருவின் நுண்ணிய நாளங்களில் இரத்தக் குழியங்களை அணியணியாக நிறுத்திவைத்து ஓட்டத்தையே தடுத்தது. ஒரே ஆய்வுகூடம் நம்பிக்கையையும் எச்சரிக்கையையும் சேர்த்தே தந்தது எனலாம். முயற்காதுச் செய்தி பரவிய வேகத்தில் மற்றச் செய்தி பரவவில்லை என்பது என் எண்ணம்.

இனி நாம் இக்கதையின் முக்கியமான இடத்துக்கு வருகிறோம். இக்கருவியின் ஒலி காதுக்குக் கேளாது. சிகிச்சை அளவிலே பெரும்பாலும் தோலுக்கும் தெரியாது. ஆகவே, பெட்டி வேலை செய்கிறதா, அல்லது விளக்கு மட்டும் எரிகிறதா என்பதை நோயாளியும் அறியார், வைத்தியரும் அறியார். இது கற்பனையன்று. 1970கள் முதல் வடஅமெரிக்காவிலும் பிரித்தானியாவிலும் வைத்தியசாலைக் கருவிகளை எடுத்து அளந்து பார்த்தபோது, முகப்பிலே காட்டிய அளவுக்கும் தலையிலிருந்து புறப்பட்ட அளவுக்கும் பெரும் வேறுபாடு பல கருவிகளிற் காணப்பட்டது. வேறுபாடு 20 வீதத்துக்கு மேற் போகக்கூடாது என்று 1978இல் ஐக்கிய அமெரிக்கா சட்டமே வகுக்க நேர்ந்தது. வேறெந்த மருந்தைப் பற்றியும் இப்படி ஒரு நிலை வந்தால் நாம் பொறுப்போமா? புட்டியிலே எழுதியிருக்கும் மருந்து புட்டிக்குள் இருக்கிறதா என்பதே தெரியாமல் ஆண்டுக்கணக்காகக் கொடுத்து வந்ததற்கு ஒப்பானது இது.

ஆயினும், இதே மௌனம் ஒரு நன்மையும் செய்தது. மாத்திரையைச் சோதிப்பதற்குப் போலி மாத்திரை செய்யவேண்டும். கழியொலியைச் சோதிக்கவோ ஆளியை நிறுத்திவிட்டுப் பசையோடு தலையை வழக்கம்போல் நகர்த்தினாற் போதும். யாருக்கு உண்மைச் சிகிச்சை, யாருக்குப் போலிச் சிகிச்சை என்பது சோதனை முடியும்வரை இரு சாராருக்கும் தெரியாமல் வைக்கலாம். இத்தகைய சோதனையை 1980களில் லண்டனிலே கடைவாய்ப் பல் பிடுங்கிய நோயாளிகளிடம் செய்தனர். நிறுத்தி வைத்த கருவியாலும் வீக்கமும் வலியும் குறைந்தன! அப்படியானால் வலியைக் குறைத்தது யாது? அக்கறையோடு அருகிலிருந்து கவனிக்கும் ஒருவரின் கையும், குணமாகும் என்ற எதிர்பார்ப்பும் அதிற் பெரும் பங்கு கொண்டிருந்தன என்றே கொள்ளவேண்டும்.

வல்மா ராபர்ட்சன், கெரி பேக்கர் என்னும் இருவர் 1975 முதல் 1999 வரை வெளியான 35 சோதனைகளைத் திரட்டி 2001இல் ஆராய்ந்தனர். முறையாகச் செய்யப்பட்டவை என்று அவர்கள் ஏற்றவை 10 மாத்திரமே. அவற்றுள் 8 சோதனைகளில் உண்மைக் கழியொலி போலியைவிட மேலானதாக இல்லை. விளையாட்டு வீரர்களுக்கு நேரடியாக உரிய செய்தி 2011இல் வந்தது. புதிய கணுக்காற் சுளுக்குக்குக் கழியொலி கொடுத்த 6 சோதனைகளைச் சேர்த்துப் பார்த்தனர். மொத்தம் 606 பேர். வலி, வீக்கம், காலூன்றும் வலிமை ஆகிய எதிலும் பொருட்படுத்தத்தக்க நன்மை தெரியவில்லை. காரணமும் எளிதே. இத்தகைய சுளுக்குகளிற் பெரும்பாலானவை சில வாரங்களில் தாமாகவே தேறுகின்றன. பத்து நாள் சிகிச்சை பெற்றுத் தேறியவர் சிகிச்சையாலே தேறினேன் என்று நம்புவது இயல்புதானே!

வெற்றியே இல்லை என்று சொல்வதும் நேர்மையாகாது. தோள்மூட்டின் தசைநாணில் சுண்ணாம்பு படிந்து கையை உயர்த்த முடியாமற் போகும் நோய் ஒன்று உண்டு. வியன்னாவிலே இந்நோயாளிகளுக்கு ஒவ்வொரு முறையும் 15 நிமிடமாக 24 முறை கழியொலி கொடுத்துப் பார்த்து 1999இல் முடிவை வெளியிட்டனர். படிவு கரைந்தது, வலியும் குறைந்தது. ஆனால், ஒன்பது மாதங்களின் பின்னர் வலியைப் பொறுத்தவரையில் இரு சாராருக்கும் இடையே கருதத்தக்க வேறுபாடு இருக்கவில்லை. உடப்புக் கரையில் அம்பாப் பாடல் பாடிக் கரைவலை இழுக்கும் ஒருவருக்கு இந்நோய் வருமாயின், வலி குறைந்த அந்தச் சில மாதங்கள் ஒரு மீன்பிடிப் பருவத்தின் உழைப்பாகும். அதை அற்பம் என்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை.

முறிந்த எலும்பைப் பற்றிய கதை இன்னும் சுவையானது. பிரேசில் நாட்டிலே டுவார்ட்டே என்பவரும் மற்றொருவரும் மிகக் குறைந்த வலிமையுள்ள கழியொலியைத் துடிப்புத் துடிப்பாகக் கொடுத்தால் எலும்பு விரைவிற் பொருந்தும் என்று 1983இல் எழுதினர். 1994இல் அமெரிக்க அரசு அதற்கான கருவிக்கு அங்கீகாரம் அளித்தது. விலையுயர்ந்த அக்கருவியை வீட்டிலே வைத்துக்கொண்டு நாள்தோறும் 20 நிமிடம் பயன்படுத்துவர். கீழ்க்கால் எலும்பு முறிந்து சத்திரசிகிச்சை பெற்ற 501 பேரிடம் நடந்த பெருஞ்சோதனையின் முடிவு 2016இல் வெளிவந்தது. எலும்பு பொருந்திய காலத்திலும், மீண்டும் நடமாடிய காலத்திலும் உண்மைக் கருவிக்கும் போலிக் கருவிக்கும் வேறுபாடு இல்லை. மறு ஆண்டே சர்வதேச வைத்தியர் குழுவொன்று இதனைப் பயன்படுத்த வேண்டாம் என்று பரிந்துரைத்தது.

இவையெல்லாம் வெளிநாட்டு ஆராய்ச்சி விவகாரங்கள் என்று நேயர்கள் எண்ணிவிடலாகாது. கற்பிட்டியிலிருந்து புத்தளம் நகருக்கு நாற்பது கிலோமீற்றருக்கு மேல். அங்கிருந்து கொழும்புக்கு ஏறக்குறைய 130 கிலோமீற்றர். பத்து முறை வந்து போங்கள் என்று சொன்னால், கடலுக்குப் போய்ப் பிழைப்பவருக்குப் பத்து நாட் கூலியும் பேருந்துக் கட்டணமும் போகும். பாடசாலை அணியிலே ஆடும் பிள்ளையின் தாய் தன் வேலையை விட்டு உடன் செல்லவேண்டும். அந்தப் பத்து நாளும் பசையும் பெட்டியுமாகக் கழிந்து, காலுக்கு வேண்டிய பயிற்சி எவரும் கற்பிக்காமலே விடப்பட்டால் அதுவே பெரிய நட்டம். ஒருமுறை சுளுக்கிய கணுக்கால் மறுமுறையும் சுளுக்குவது வழக்கம். அதனைத் தடுப்பதற்கு ஒற்றைக் காலில் நின்று நிலை பேணுதல், குதிகாலை உயர்த்தித் தாழ்த்துதல் முதலிய பயிற்சிகள் உதவும் என்பதற்குத்தான் நல்ல சான்று இருக்கின்றது. இவற்றை ஒருமுறை இயன்மருத்துவரிடம் செம்மையாகக் கற்றுக்கொண்டால் வீட்டுத் திண்ணையிலோ கடற்கரை மணலிலோ செய்யலாம்.

சுளுக்கிய அன்றே செய்யத்தக்கது வேறு. காலை உயர்த்தி வைத்தல், அளவாகக் கட்டுதல், வலி தாங்கும் அளவுக்கு விரைவிலே நடக்கத் தொடங்குதல் ஆகியவை போதும். புதிய வீக்கத்துக்குச் சூடும் வேண்டாம். எண்ணெய் பூசி அழுத்தி உருவுதலும் வேண்டாம். நம் முறிவு தறிவு வைத்தியர்களின் கைத்திறத்தை நான் குறைத்துக் கூறவில்லை. அந்த உருவுதல் முதல் நாளுக்கு உரியதன்று என்பதே என் கருத்து. நான்கு அடி கூட எடுத்து வைக்க முடியாவிட்டாலோ, கணுக்காலின் இருபுறத்து எலும்பைத் தொட்டால் நொந்தாலோ முறிவு உண்டா என்று கதிர்ப்படம் எடுத்துப் பார்க்கவேண்டும். கனடாவின் ஒட்டாவா நகர வைத்தியர்கள் 1992இல் வகுத்த இந்த எளிய விதி, எந்தக் கருவியுமின்றிக் கடற்கரையிலே நின்றே பயன்படுத்தத்தக்கது. கழியொலிச் சிகிச்சையை ஏற்போரும் சிலவற்றை மனத்திற் கொள்ளவேண்டும். கருவுற்ற பெண்ணின் வயிற்றிலும், கண்ணிலும், புற்றுநோய்க் கட்டியின் மேலும், நாளத்தில் இரத்தம் உறைந்த இடத்திலும் அதனைப் பிரயோகிக்கலாகாது. வளரும் பிள்ளைகளின் எலும்பு முனைகளுக்கு அருகிலும் எச்சரிக்கை வேண்டும்.

சிகிச்சைக்கு வந்த கழியொலியின் புகழ் இவ்வாறு தேய்ந்துகொண்டிருக்க, அதன் உடன்பிறப்பு ஒன்று வேறு வழியாக வளர்ந்தது. 1942இல் வியன்னாவின் கார்ல் டூசிக் மூளையைக் கழியொலியாற் பார்க்க முயன்றார். 1958இல் கிளாஸ்கோ நகரின் இயன் டொனால்ட் கருப்பையில் இருக்கும் சிசுவின் உருவத்தை வெளியிட்டார். அமெரிக்காவிலே 1950களின் தொடக்கத்தில் வைத்தியக் கழியொலிக்கென ஒரு சங்கம் தோன்றியபோது, அதனை அமைத்தவர்கள் சூடு கொடுத்து நோவு தீர்க்கும் இயன்முறை வைத்தியர்களே. படம் பார்ப்பவர்களுக்கு அதிலே இடம் கிடைக்கப் பல ஆண்டுகள் ஆயின. இன்றோ அந்தச் சங்கத்தின் அலுவல் பெரும்பாலும் படங்களைப் பற்றியதே. ஆட்டத்தில் விழுந்த வீரனின் குதிகால் நாண் முழுதும் அறுந்ததா, பாதி கிழிந்ததா, வெறும் வீக்கமா என்பதைக் கையடக்கமான படக்கருவியால் மைதானத்தின் ஓரத்திலேயே பார்த்துச் சொல்ல முடிகிறது. அங்கேயும் முதலிற் பசை தடவுவார்கள். அங்கேயும் எதுவும் கேட்காது. ஆனால் திரையிலே நார் தெரியும், கிழிசலும் தெரியும்.